மலையேறிய கார்கள்

1971-இல் ஆஸ்திரேலிய ஃபோர்டு நிறுவனம் விற்ற ஃபால்கன் ஜிடி-ஹெச்ஓ ஃபேஸ் த்ரீ காரின் பெட்ரோல் டேங்க் 36 காலன் பிடிக்கும். லிட்டரில் சொன்னால் 164. காருக்கு நான்கு கதவுகள்; பின்சீட்டில் மூன்று பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். அலுவலகம் போய்வர, வார இறுதியில் கடற்கரைக்குப் போக என்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய ஃபால்கனின் அதே உடல். அதற்குள் இவ்வளவு பெரிய டேங்கை வைத்தது 500 மைல் பந்தயம் ஒன்றுக்காக. பெட்ரோல் போட நிற்கும் தடவைகள் குறைந்தால் நேரம் மிச்சம். ஆனால் பந்தயத்தில் ஓடும் காருக்கு மட்டும் அதைப் பொருத்திக்கொள்ள விதி இடம் கொடுக்கவில்லை. கடையில் விற்பது எதுவோ அதுதான் களத்தில் ஓட வேண்டும். ஆகவே ஃபோர்டு சுமார் 300 கார்களைச் செய்து, காசு கொடுத்த எவருக்கும் விற்றது. புதிதாக வாங்கியவர்கள் கொடுத்தது ஐயாயிரத்துச் சொச்சம் ஆஸ்திரேலிய டாலர். 2018-இல் அவற்றுள் ஒன்று 10.3 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் கணக்கில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் காரை ஒரு காலத்தில் வைத்திருந்தவர் ஜெஃப் தாம்சன், 1970-களில் உலக மட்டையாளர்களைக் கலங்கடித்த வேகப்பந்து வீச்சாளர்.

இந்த விலையை வேகத்தைக் கொண்டு விளக்க முடியாது. ஃபேஸ் த்ரீ மணிக்கு 225 கி.மீ.க்கு மேல் போகும். அன்றைய நான்கு கதவு செடான்களில் உலகிலேயே வேகமானது என்று பேர் வாங்கியது. இன்றோ ஒரு நடுத்தர மின்சாரக் கார் சிக்னலில் புறப்படும்போதே அதை முந்திவிடும். அரிது என்பதும் போதுமான காரணம் இல்லை. சில நூறு மட்டுமே செய்யப்பட்டு, கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கார்கள் உலகெங்கும் உண்டு. இந்த ஆஸ்திரேலியக் கார்களுக்கு மதிப்பை உண்டாக்கியவை இரண்டு முடிவுகள் என்பது என் கணிப்பு. முதலாவது 1972-இல் சில நாள்களுக்குள் வந்தது. இரண்டாவது 2017-இல் வந்தது. அது ஒரு தொழிலையே முடித்துவைத்தது.

முதலில் இவை எப்படிப் பிறந்தன என்று பார்க்க வேண்டும். 1856-இல் அடிலெய்டில் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கிய ஹோல்டன் குடும்பத்தின் தொழில், பிறகு கார்களுக்கு உடல் கட்டும் தொழிலாக வளர்ந்து, 1931-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸோடு இணைந்தது. 1948 நவம்பரில் முதல் ஹோல்டன் கார் வெளிவந்தபோது, அதை அறிமுகப்படுத்தியவர் பிரதமர் பென் சிஃப்லியே. சொந்தமாகக் கார் செய்யும் நாடு என்ற நிலை ஆஸ்திரேலியர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. 1960-இல் ஃபோர்டு தன் ஃபால்கனை உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியது. 1962-இல் கிரைஸ்லரின் வேலியன்ட் வந்தது. மூன்றும் அமெரிக்க முதலாளிகளின் நிறுவனங்கள். ஆனால் வெளிநாட்டுக் கார்கள் மீதான உயர்ந்த சுங்க வரியும், உள்நாட்டு உதிரிபாகங்களையே அதிகம் பயன்படுத்த வேண்டும் என்ற அரசின் வற்புறுத்தலும் சேர்ந்து, வடிவமைப்பிலிருந்து வார்ப்பட வேலை வரை பலவற்றை அங்கேயே செய்யவைத்தன.

'மஸில் கார்' என்ற எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. நடுத்தர அளவுள்ள காரில் பெரிய வி8 எஞ்சினைத் திணித்து, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலைக்கு விற்பது அதன் சாரம். அங்கே அது பெரும்பாலும் இரண்டு கதவுக் கார். ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகையோ 1971-இல் ஏறத்தாழ 1.3 கோடிதான். அவ்வளவு சிறிய சந்தையில், இளைஞர்களுக்கென்று தனி உடலுக்கு அச்சு வெட்டிச் செலவழிக்க எல்லா நேரமும் கட்டுப்படியாகாது. ஹோல்டனின் மொனாரோ, கிரைஸ்லரின் சார்ஜர் போன்ற இரண்டு கதவுக் கார்கள் வந்தன என்றாலும், அவையும் குடும்பக் காரின் அடித்தளத்தில் எழுந்தவையே. ஃபோர்டு 1972 வரை செடானையே வைத்துச் சமாளித்தது. அப்பா ஓட்டுகிற கார்தான் பந்தயத்தில் ஜெயிக்கிற கார் என்ற நிலை இப்படித்தான் உண்டாயிற்று. இந்த ரசனையின் ஆணிவேர் இங்கே இருக்கிறது. ஃபெராரியை ஆஸ்திரேலியச் சிறுவன் படத்தில் பார்த்தான். ஃபால்கன் அவன் வீட்டு வாசலிலேயே நின்றது.

அதை நாடே பார்க்கும்படி செய்தது பாதர்ஸ்ட். சிட்னிக்கு மேற்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் உள்ள அந்த ஊரின் ஓரத்தில் மவுன்ட் பனோரமா என்ற குன்று. 1938-இல் திறக்கப்பட்ட பந்தயச் சாலை அதன்மேல் ஏறி இறங்குகிறது. சுற்று ஒன்றுக்கு இன்று 6.2 கி.மீ.; அடிக்கும் உச்சிக்கும் இடையே 174 மீட்டர் உயர வித்தியாசம். உச்சியில் சாலை குறுகி, இருபுறமும் சுவர் நெருங்கும். அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கினால் கான்ராட் ஸ்ட்ரெய்ட் என்ற நெடும்பாதை. ஏறுவதற்கு எஞ்சின் வலு, இறங்குவதற்கு பிரேக், நேர்ப்பாதைக்கு உச்சவேகம், இவை மூன்றையும் நாள் முழுக்கத் தாங்குகிற திராணி: இவ்வளவும் இல்லாத கார் அங்கே தேறாது. ஃபிலிப் தீவில் 1960-இல் தொடங்கிய 500 மைல் பந்தயம் 1963-இல் இந்தக் குன்றுக்கு இடம் மாறியது.

1966-இல் முதல் ஒன்பது இடங்களையும் பிடித்தவை சின்னஞ்சிறு மினி கூப்பர்கள். மறு ஆண்டே நிலைமை தலைகீழானது. 289 கன அங்குல வி8 எஞ்சினோடு ஃபோர்டு இறக்கிய எக்ஸ்ஆர் ஃபால்கன் ஜிடியில் ஹாரி ஃபர்த்தும் ஃப்ரெட் கிப்சனும் வென்றார்கள். 1968-இல் ஹோல்டன் 327 கன அங்குல மொனாரோவால் பதிலடி கொடுத்தது, 1969-இல் 350. ஃபோர்டு 351-க்குப் போனது. ஜிடி-ஹெச்ஓ என்ற பேரில் உள்ள ஹெச்ஓ 'ஹேண்ட்லிங் ஆப்ஷன்', அதாவது சாலைப்பிடிப்புக்கான கூடுதல் வசதி என்று நிறுவனம் சொன்னது. காப்பீட்டுக்காரர்கள் மிரளக் கூடாதே என்ற முன்யோசனை அது. ஃபேஸ் த்ரீயின் எஞ்சின் 300 குதிரைத்திறன் என்று எழுதிக் கொடுத்தார்கள். உண்மையில் அது அதைவிடக் கணிசமாக அதிகம் என்பது துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

அந்தக் காரின் பானெட் நடுவில் ஒரு துளை உண்டு. அதன் வழியே தலை நீட்டும் காற்றுப் பெட்டி பானெட்டோடு சேர்ந்ததல்ல. நான்கு வாய் ஹோலி கார்புரேட்டரின் மேலேயே பொருத்தியது. சும்மா நிற்கும்போதுகூட எஞ்சினின் அதிர்வுக்கு ஏற்ப அது துடித்துக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங் பிடித்திருப்பவர் கண்ணெதிரே அது ஆடும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மிதித்தால் ஒரு பக்கமாகத் திமிறும். எஞ்சினின் உயிர் வெளியே தெரியும்படியான இந்த அமைப்புக்காகவே ஃபேஸ் த்ரீயை விரும்புகிறவர்கள் உண்டு.

1971 பந்தயத்தில் ஆலன் மொஃபட் தனி ஆளாக அந்தக் காரை ஓட்டினார். ஓட்டத்தின் நடுவே காற்றில் பறந்து வந்த ஓர் அட்டைப்பெட்டி முன்பக்கக் கிரில்லில் ஒட்டிக்கொண்டது. ரேடியேட்டருக்குக் காற்று தடைபட்டால் எஞ்சின் சூடேறி எல்லாம் போச்சு. மொஃபட் வெப்பமானியைக் கவனித்தார், முள் ஏறவில்லை என்று கண்டார், நிறுத்தாமல் ஓட்டி வென்றார். பெட்டி ஒட்டிய அந்தப் புகைப்படம் இன்றும் ஆஸ்திரேலிய கராஜ் சுவர்களில் தொங்குகிறது. அதே நாளில் பில் பிரவுன் ஓட்டிய இன்னொரு ஃபேஸ் த்ரீ மலையுச்சியில் வேலியோடு உருண்டு நொறுங்கியது. அவர் உயிர் தப்பியது அதிசயம்.

1972-இல் மழையோடு வந்தது பந்தயம். பீட்டர் பிராக் என்ற இளைஞர் ஹோல்டன் டொரானா எக்ஸ்யு-1 என்ற சிறிய, 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் காரில், 5.8 லிட்டர் ஃபால்கன்களை வென்றார். பாதர்ஸ்டில் அவருடைய ஒன்பது வெற்றிகளில் அது முதலாவது. ஹோல்டன் ரசிகர்களுக்கு அந்த நாள் வேதம். ஹோல்டன் வீடு, ஃபோர்டு வீடு என்று குடும்பங்கள் பிரிந்து நின்ற காலம் அது. அண்ணன் தம்பிக்குள்ளேயே கட்சி இருந்தது.

கிரைஸ்லரையும் விட்டுவிடக் கூடாது. 1972-இல் வந்த சார்ஜர் ஆர்/டி இ49, மூன்று வெபர் கார்புரேட்டர்கள் பூட்டிய ஆறு சிலிண்டர் எஞ்சினிலிருந்தே 302 குதிரைத்திறன் கறந்தது. செய்தது 149 கார்கள் மட்டுமே. அது பாதர்ஸ்டில் ஒருமுறையும் வென்றதில்லை. இருந்தும், பொறியியல் துணிச்சலுக்காக இந்த மூன்று நிறுவனங்களின் கார்களில் நான் முதலில் நிறுத்துவது இ49-ஐத்தான்.

இதற்கெல்லாம் முதல் முற்றுப்புள்ளி 1972 ஜூன் 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. சிட்னியின் சன்-ஹெரால்டு பத்திரிகையில் ஈவன் கிரீன் என்ற மோட்டார் செய்தியாளர் முதல் பக்கத்தில் எழுதினார்: மணிக்கு 160 மைல் வேகம் போகும் கார்கள் சீக்கிரமே பொதுமக்களுக்கு விற்பனைக்கு வரப்போகின்றன. ஃபோர்டின் ஃபேஸ் ஃபோர், ஹோல்டனின் வி8 டொரானா, கிரைஸ்லரின் வி8 சார்ஜர் மூன்றும் அப்போது தயாராகிக்கொண்டிருந்தன. நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் மில்டன் மாரிஸ் கடுமையாக எதிர்த்தார். அரசுத் துறைகளுக்கு வாங்கும் கார்கள் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் நிறுவனங்களுக்கு. சில நாள்களுக்குள் மூன்று திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. ஃபேஸ் ஃபோர் நான்கே கார்களோடு நின்றது. கிரைஸ்லர் வாங்கி வைத்த 340 கன அங்குல எஞ்சின்கள் வேறு வழியின்றி ஆட்டோமேட்டிக் கியர் வைத்த சொகுசு சார்ஜர்களுக்குப் போயின.

ரசிகர்கள் அமைச்சரையும் செய்தியாளரையும் இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் அவர்கள் பக்கம் நிற்கமாட்டேன். 1970-இல் ஆஸ்திரேலியச் சாலைகளில் 3,798 பேர் இறந்தார்கள்; அந்நாட்டின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கும் சட்டத்தை விக்டோரியா மாநிலம் உலகிலேயே முதலாவதாகக் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான். இளைஞன் ஒருவன் வாரச் சம்பளத்தில் தவணை கட்டி, அன்றைய டயர்களோடும் பிரேக்குகளோடும் இப்படியொரு காரைச் சாலைக்குக் கொண்டுவந்தால் என்னாகும் என்ற கவலை நியாயமானது. அமைச்சரின் அந்த எதிர்ப்பே எஞ்சிய கார்களுக்குத் தடைசெய்யப்பட்ட பொருளின் கவர்ச்சியைக் கொடுத்துவிட்டது. இனி இவை வரா என்பது ஒரே வாரத்தில் உறுதியானது.

ஆனாலும் விலை உடனே ஏறிவிடவில்லை. 1973-இன் எண்ணெய் நெருக்கடி, ஏறிய காப்பீட்டுக் கட்டணம், 1976-இல் வந்த புகைக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து இவற்றைப் பெட்ரோல் குடிக்கும் பழைய கார்களாக்கின. பல மோதி நொறுங்கின, பல துருப்பிடித்தன, பலவற்றின் எஞ்சின்கள் வேறு கார்களுக்கு இடம் பெயர்ந்தன. அவசரச் சிகிச்சை மருத்துவராக இருந்த ஜார்ஜ் மில்லர் 1979-இல் இயக்கிய 'மேட் மேக்ஸ்' படத்தில் கறுப்பு எக்ஸ்பி ஃபால்கன் உலகம் முழுக்க அறிமுகமானது. உள்நாட்டுச் சந்தை சூடுபிடித்தது அதற்கும் வெகுகாலம் கழித்து, 1971-இல் பாதர்ஸ்ட் ஒளிபரப்பைப் பார்த்த சிறுவர்கள் ஐம்பது வயதை நெருங்கி, வீட்டுக்கடன் அடைத்து, கையில் பணம் புரண்டபோது. 2007-இல் ஒரு ஃபேஸ் த்ரீ ஏழு லட்சம் டாலரை நெருங்கியது. மறு ஆண்டின் நிதி நெருக்கடியில் அந்த விலைகள் பெருமளவு சரிந்தன. கடன் வாங்கி வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பத்தாண்டு கழித்துத்தான் மில்லியன் எல்லையைத் தொட்டது. 2021-இல் ஒன்று 11.5 லட்சத்துக்கு விற்றது. வட்டி விகிதம் ஏறியபின் சந்தை மறுபடி தணிந்தது. இவற்றை வெறும் முதலீடாகப் பார்ப்பவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வரிச் சட்டமும் இதில் ஒரு பங்கு வகித்தது. ஆஸ்திரேலியாவில் வீட்டையோ பங்கையோ விற்று லாபம் கண்டால் மூலதன ஆதாய வரி வரும் (குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டு). காருக்கு அந்த வரியே இல்லை. கார் என்றால் தேய்மானப் பொருள், விற்றால் நஷ்டம்தான் வரும் என்ற அனுமானத்தில் எழுதிய விதி, ஐயாயிரத்துக்கு வாங்கியது மில்லியனுக்குப் போகும்போதும் செல்லுபடியாகிறது. சுயமாக நடத்தும் ஓய்வூதிய நிதியில் சிலர் பழைய கார் வாங்கி வைத்தார்கள். 2011-இல் அரசு விதியை இறுக்கியது: அப்படி வாங்கிய காரை உறுப்பினர் ஓட்டக் கூடாது, தன் வீட்டில் வைக்கவும் கூடாது.

விலை ஏறினால் போலியும் வரும். ஃபேஸ் த்ரீக்கு அடிப்படையான எக்ஸ்ஒய் வகைச் சாதாரண ஃபால்கனின் உடலை எடுத்து, உரிய பாகங்களைத் தேடிப் பூட்டி, நிறம் தீட்டினால் பார்வைக்கு ஃபேஸ் த்ரீதான். ஆகவே விஷயம் தெரிந்தவர் முதலில் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. பானெட்டைத் திறந்து தகட்டைப் பார்க்கிறார். உடல் வகை, நிறம், எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஒவ்வொன்றுக்கும் அதில் குறியீடு உண்டு. தகட்டில் உள்ள எண்ணும், உடலில் அடித்த எண்ணும், எஞ்சின் பிளாக்கில் அடித்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். எழுத்தின் ஆழம், இடைவெளி, அந்த இடத்தில் யாராவது அரம் போட்ட தடம் இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்ப்பார்கள். பிறகு முதல் உரிமையாளரிலிருந்து இன்றுவரை கை மாறிய கதையைக் காகிதத்தில் கேட்பார்கள். ஓட்டிக் கொண்டாடப்பட்ட கார்களில் பிறந்த எஞ்சினோடு மிஞ்சியவை சொற்பம் என்பதால், ஒத்துப்போகும் அந்த எண்ணுக்கே தனி விலை. நிறத்துக்கும் உண்டு. வெர்மிலியன் ஃபயர், வைல்ட் வயலட் என்று ஃபோர்டும், ஸ்ட்ரைக் மீ பிங்க், லோன் ஓ'ரேஞ்சர் என்று ஹோல்டனும் வைத்த பெயர்களை இன்றும் ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இரண்டாவது முற்றுப்புள்ளிக்கு வருகிறேன். 1980-களில் 57.5 சதவீதம் வரை இருந்த இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2010-இல் 5 சதவீதமானது. ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு ஏறி, ஏற்றுமதி கட்டுப்படியாகாமல் போனது. மக்கள் செடானை விட்டு எஸ்யுவிக்கு மாறினார்கள். அரசு மேற்கொண்டு மானியம் தர மனமில்லை என்று 2013-இல் தெளிவாகியது. 2016 அக்டோபர் 7-இல் ஃபோர்டும், 2017 அக்டோபர் 20-இல் அடிலெய்டின் எலிசபெத் ஆலையில் ஹோல்டனும் கடைசிக் காரை வெளியே அனுப்பின. 2020-இல் ஹோல்டன் என்ற பேரையே கைவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. விலைப்பட்டியலைப் பார்த்தால் அதிர்ச்சியின் அளவு தெரியும். பாதர்ஸ்டை 1982, 1983 இரண்டு ஆண்டுகளிலும் வென்ற பிராக்கின் கமோடோர் 2018-இல் 21 லட்சம் டாலருக்குப் போனது. அரை நூற்றாண்டுப் பழமையெல்லாம் இல்லாத, கடைசிக் காலத்தில் நான்கே நான்கு செய்யப்பட்ட, ஹோல்டனின் எச்எஸ்வி பிரிவைச் சேர்ந்த மலூ டபிள்யு1 என்ற யூட், அதாவது பின்னால் திறந்த சரக்குத் தட்டு வைத்த வண்டி, 2021-இல் 10.5 லட்சம் தொட்டது. நான்கு வயதுகூட நிரம்பாத சரக்கு வண்டிக்கு அந்த விலை கிடைக்கிறது என்றால், வாங்கியவர் வாங்கியது இனி அந்த நாட்டில் செய்யப்படாத ஒன்றைத்தான்.

இந்தக் கொண்டாட்டத்தில் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. பிராக்கையும் மொஃபட்டையும் எல்லோருக்கும் தெரியும்; காரைச் செய்தவர்கள் யாரென்று கேட்பவர் குறைவு. மெல்பர்னின் பிராட்மெடோஸ் ஃபோர்டு ஆலை வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் கிரேக்கம், இத்தாலி, துருக்கி, யூகோஸ்லாவியா நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். வரிசையின் வேகத்தைத் தாங்க முடியாமல், 1973 ஜூன் 13-இல் அவர்கள் வாயிற்சுவரைத் தள்ளிக் கண்ணாடிகளை உடைத்த கலவரம் ஆஸ்திரேலியத் தொழிற்சங்க வரலாற்றில் முக்கியமான நிகழ்வு. இரண்டே ஆண்டுக்கு முன்னால் ஃபேஸ் த்ரீ உருண்டு வந்ததும் அதே ஆலையிலிருந்துதான். மில்லியன் டாலர் காரின் வெல்டிங் அவர்கள் கைவேலை. ஏலப் புத்தகங்கள் முதல் உரிமையாளரின் பேரைத் தடித்த எழுத்தில் போடுகின்றன. ஆலைத் தொழிலாளரின் நினைவுகளைப் பதிவுசெய்யும் வேலைக்கும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு போக வேண்டும் என்றே நான் சொல்வேன்.

வெப்பமும் ஈரமும் அளந்து வைத்த கிடங்கில், ஓடாமல் போர்வைக்குள் நிற்கும் கார்களின் எண்ணிக்கை கூடிவருவதும் நல்லதல்ல. விக்டோரியா மாநிலத்தில் 25 வயது கடந்த காரைச் சங்க உறுப்பினர் குறைந்த கட்டணத்தில் பதிந்து, ஆண்டுக்கு 45 நாளோ 90 நாளோ குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் சாலையில் ஓட்டலாம். இவ்வகைக் கார்களைக் காப்பாற்றிவந்திருப்பது இந்த மாதிரி ஏற்பாடுகளும், வார இறுதியில் எண்ணெய்க் கறையோடு கராஜில் கிடக்கும் எளிய உரிமையாளர்களும்தான். ஏலக் கூடங்கள் அல்ல.

ஆஸ்திரேலியா போகிற வாசகர்கள் இவற்றைக் காணப் பணக்காரர் எவருடைய தயவையும் நாட வேண்டியதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் பேர்ட்வுட் ஊரில் தேசிய மோட்டார் அருங்காட்சியகமும், பாதர்ஸ்டில் பந்தயச் சாலையை ஒட்டியே தேசிய மோட்டார் பந்தய அருங்காட்சியகமும் உள்ளன. பந்தயம் இல்லாத நாள்களில் மவுன்ட் பனோரமா பொதுச்சாலை. மணிக்கு 60 கி.மீ. வரம்புக்குள் யார் வேண்டுமானாலும் தங்கள் காரை அங்கே ஓட்டிப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது.